கிராஸ் பேவர் போட்டா நிஜமாவே தண்ணி கீழ இறங்குமா, இல்ல பார்க்க பச்சையா இருக்கும், அவ்வளவுதானா?

கேள்வி, 12 ஜூன் 2023

சென்னை சேலையூர்ல சொந்த வீடு. முன்பக்கமும் பக்கவாட்டு சந்தும் சேர்த்து 600 சதுர அடி வெறும் மண்ணா கிடக்கு. மழை வந்தா சேறு, கார் ஏறி இறங்கி ரெண்டு பள்ளம் ஆயிடுச்சு. அப்பா முழுசா சிமெண்ட் தளம் போட்டு விட்டுடலாம்ங்கறார். எனக்கு நடுவுல புல் வளர்ற அந்த ஓட்டை ஓட்டையா இருக்கற கிராஸ் பேவர் போடலாம்னு ஆசை. ஆனா கூட வேலை பார்க்கறவன் அதெல்லாம் ரிசார்ட்ல போட்டோ எடுக்கத்தான், சுற்றுச்சூழலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறான். போட்டு ரெண்டு மழை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

12 ஜூன் 2023, ராத்திரி

நான் மடிப்பாக்கம். 2021 ஏப்ரல்ல போட்டது, ரெண்டு மழைக்காலம் பார்த்தாச்சு. தண்ணி இறங்குது தம்பி. நான் போட்டதுக்கு காரணமே 2019தான். அந்த ஜூன்ல ரெட்ஹில்ஸ், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போய் ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்போ எங்க போர்ல காத்துதான் வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வரும், எழுந்து போய் சம்ப் மூடிய திறந்து நிக்கணும். அப்படி ஒரு ராத்திரி நிக்கும்போதுதான் காலுக்கு கீழ இருக்கற சிமெண்ட் தளத்தை பார்த்தேன், வாசல்ல ஆரம்பிச்சு பின்பக்க துணி தோய்க்கற கல்லு வரைக்கும் ஒரு சாண் மண்ணு கூட வெளிய தெரியாம மூடி வச்சிருந்தோம், மழை பெய்யற தண்ணி மொத்தமும் கேட்டுக்கு அடியில ஓடி தெருவுக்கு போயிடும், அதே தண்ணிய நாங்க ஏழு மாசம் கழிச்சு காசு கொடுத்து லாரில வாங்கறோம்.

உங்க 600 சதுர அடின்னா 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா சரியா ஒரு லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்கு சுமார் 1,400 மி.மீ. பெருக்கினா 78,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கணக்குல ஆறரை லாரி. அதை உங்க அப்பாகிட்ட சொல்லுங்க.

13 ஜூன் 2023

நேத்து எழுதின கணக்குக்கு ஒரு திருத்தம். ஆறரை லாரிங்கறது உங்க இடத்துல விழற மொத்த மழை. அவ்வளவும் போர்ல வந்து சேராது. கொஞ்சம் புல்லு குடிக்கும், கொஞ்சம் மண்ணுல ஈரமா நின்னு ஆவியாகும், பெரிய மழைல மிச்சம் வழிஞ்சு வெளிய போகும். பாதி இறங்கினாலும் எனக்கு சந்தோஷம், ஆனா ஆறரைன்னு சொல்லி உங்கள நம்ப வைக்கக் கூடாது.

17 ஜூன் 2023

எல்லாரும் எந்த புல்லு, எந்த டிசைன்னு கேக்கறீங்க. நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன், அதனாலதான் வேலைய ரெண்டு தடவை செய்ய வேண்டியதாச்சு. மேல இருக்கற பச்சைல விஷயமே இல்ல, அடியில இருக்கற ஜல்லிலதான் விஷயம்.

முதல் தடவை வந்த மேஸ்திரி நல்ல மனுஷர், வேலை சுத்தம், ரசமட்டம் வச்சு பார்த்தா ஒரு நூல் ஏறாது இறங்காது. ஆனா அவருக்கு தெரிஞ்சது சாதா பேவர் பிளாக். அதுக்கு எப்படி பண்ணுவாங்களோ அப்படியே மண்ணை நல்லா இடிச்சு கெட்டியாக்கி, மேல நாலு இஞ்ச் கிரஷர் டஸ்ட், அதான் கல்லு உடைக்கும்போது வர்ற தூள், கொட்டி தண்ணி ஊத்தி மெஷின் வச்சு அமுக்கி, அதுக்கு மேல கல்லை அடுக்கிட்டார். கிரஷர் டஸ்ட் தண்ணி பட்டு அமுங்கினா அரை சிமெண்ட் மாதிரிதான். முதல் கோடை மழைக்கு ஓட்டைக்குள்ள போட்ட மண்ணெல்லாம் பாயசம் மாதிரி ஊறி நின்னுச்சு, புல் வேர் அழுகிப் போச்சு. பார்க்க கிராஸ் பேவர், வேலை சிமெண்ட் தளம். மேஸ்திரி மேல தப்பு சொல்ல மாட்டேன், அவர்கிட்ட யாரும் இது தண்ணி இறங்கறதுக்காக போடறதுன்னு சொல்லல, நான் உட்பட.

பிரிச்சு திரும்ப போட்டோம். ஒரு அடிக்கு மேல தோண்டி, அடி மண்ணை இடிக்காம கடப்பாறையால லேசா கிளறி விட்டு, மேல தண்ணிய விட்டு மண்ணை மட்டும் தடுக்கற ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிச்சு, அதுக்கு மேல ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதுக்கு மேல முக்கால் இஞ்ச் ஜல்லி, ரெண்டும் சேர்ந்து ஒரு அடி, ரெண்டையும் தூசி போக கழுவித்தான் போட்டோம், அதுக்கு மேல ரெண்டு இஞ்சுக்கு சிப்ஸ்ங்கற பொடி ஜல்லி, அதுக்கு மேலதான் 80 மி.மீ. கனமுள்ள கல்லு. ஓட்டைக்குள்ள ரெண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், கொஞ்சம் மக்கின எரு. மண்ணை கல்லு மட்டத்துக்கு நிரப்பாதீங்க, அரை இஞ்ச் கீழ விடுங்க, அப்பதான் டயர் கல்லு மேல ஏறும், புல்லோட குருத்து தப்பிக்கும்.

இந்த ஒரு அடி ஜல்லிக்கு நடுவுல இருக்கற சந்து மூணுல ஒரு பங்குக்கு மேல வரும். அப்போ 30 செ.மீ. ஆழத்துல சுமார் 10 செ.மீ. மழை அப்படியே உக்காந்திருக்கும். உங்க இடத்துக்கு கிட்டத்தட்ட 5,800 லிட்டர். ஒரு பெரிய சம்ப் அளவு, மண்ணுக்கு அடியில, அவசரமில்லாம மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கும்.

18 ஜூன் 2023

சேலையூர் தம்பி, எதுக்கும் முன்னாடி இத பண்ணுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி குழி, ஒரு அடி ஆழம். தண்ணி ரொப்பி முழுசா இறங்க விடுங்க. திரும்ப ரொப்புங்க. ரெண்டாவது தடவை எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. முதல் தடவை நேரம் பொய் சொல்லும், காஞ்ச மண்ணு ஆவலா குடிச்சிடும்.

எங்க வீட்டுல ராத்திரி ஏழு மணிக்கு ஊத்தினது காலைல எட்டு மணிக்கும் அடியில மினுமினுன்னு இருந்துச்சு. களிமண். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு பக்கத்து ஊர்ல வேற எப்படி இருக்கும். எங்க அக்கா வீடு திருவான்மியூர், பீச் மணல், அங்க இதே குழி பன்னெண்டு நிமிஷத்துல காலி, நான் வாட்ச பார்த்துட்டு நிமிர்றதுக்குள்ள இறங்கிடுச்சு. அதே கல்லு, அதே புல்லு, ஆனா அவங்க வீட்டுல செய்யற வேலையும் எங்க வீட்டுல செய்யற வேலையும் ஒண்ணு இல்ல. கடலோரத்துல இது இன்னும் பெரிய விஷயம், மேல இருந்து நல்ல தண்ணி இறங்கி அழுத்தம் கொடுத்தாதான் கடல் தண்ணி உள்ள வராது. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைச்சு உப்புத்தண்ணி கிலோமீட்டர் கணக்குல உள்ள ஏறின கதை எல்லாருக்கும் தெரியும்.

அதனால களிமண் வீட்டுக்காரங்க புல்லு கல்லு மட்டும் போட்டுட்டு நிம்மதியா இருக்க முடியாது. நாங்க ஒரு மூலைல மூணு அடி அகலம், பதினஞ்சு அடி ஆழத்துக்கு சிமெண்ட் உறை வளையம் இறக்கி, ஜல்லி அடுக்குல இருந்து அதுக்கு ஒரு ஓட்டைக் குழாய் கொடுத்தோம். களிமண்ணை தாண்டி அடியில மணல் கலந்த மண்ணு வந்துச்சு, அங்க இறங்குது. இந்த மாதிரி மழைநீர் உறைக்கிணறு பத்தி நேர்ல பார்த்து தெரிஞ்சுக்கணும்னா மந்தைவெளில சேகர் ராகவன் 2002ல தொடங்கின மழை மையம் இருக்கு. மாதிரிகள் வச்சிருப்பாங்க, கண்ணால பார்த்தா ஒரு மணி நேரத்துல புரியும். 2003ல மழைநீர் சேகரிப்ப சட்டமாவே ஆக்கினாங்க, எங்க தெருவுலயும் வீட்டுக்கு வீடு குழி தோண்டினாங்க, இன்னிக்கு அதுல பாதி குழி எங்க இருக்குன்னே வீட்டுக்காரங்களுக்கு தெரியாது. தூர் வாராத குழி குழியே இல்ல.

2 ஜூலை 2023

கொசு வருமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. டெங்கு கொசு முட்டைல இருந்து பறக்கற கொசுவா மாற ஒரு வாரமாவது வேணும். ஜல்லிக்குள்ள இருக்கற தண்ணிக்கு கொசு போக வழி இல்ல, மேல தேங்கினா சில மணி நேரத்துல போயிடணும், போகலைன்னா அடியில வேலை சரியில்லைன்னு அர்த்தம். எங்க வீட்டுல கொசு வந்தது தொட்டிச் செடி தட்டுல இருந்து, புல்லுல இருந்து இல்ல.

பாம்பு பயம். இது நிஜமான பயம், சிரிக்கறதுக்கு இல்ல, எங்க ஏரியால மழைக்கு பாம்பு வரத்தான் செய்யும், சிமெண்ட் வீட்டுக்குள்ளயும் வந்திருக்கு. புல்ல ரெண்டு இஞ்சுக்கு மேல விடாம வெட்டினா மறைய இடம் கிடையாது. எலி வளை இருக்கான்னு ஓரத்துல பார்த்துக்கணும், பாம்பு எலிய தேடித்தான் வருது.

அப்புறம் கோலம். எங்க மாமியார் ஒரு வாரம் என்கிட்ட பேசல. "வாசலெல்லாம் புல்லு வளர்த்து வச்சா விடிகாலைல எங்க தெளிச்சு எங்க கோலம் போடறது"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம். வாசல்ங்கறது கார் நிறுத்தற இடம் மட்டும் இல்ல, நாங்க யாரும் பிளான் போடும்போது அதை நினைக்கல. கேட்டுக்கு உள்பக்கம் மூணு அடிக்கு கல்லை எடுத்துட்டு கடப்பா கல்லு பதிச்சு கொடுத்தோம். அவங்களுக்கு முட்டி வலி, கைத்தடி வச்சு நடப்பாங்க, தடி முனை ஓட்டைக்குள்ள போயிடும்ங்கறதும் அப்பதான் தெரிஞ்சுது, அதனால வாசல்ல இருந்து படி வரைக்கும் ரெண்டு அடிக்கு ஒரு நடைபாதையும் கல்லுலயே போட்டோம். வீட்டுல வயசானவங்க இருந்தா முதல் நாளே இதை பிளான்ல சேர்த்துடுங்க.

3 ஜூலை 2023

விட்டுப் போச்சு. புல்லு அருகம்புல்தான். நர்சரில கொரியன் புல்ல பாய் மாதிரி சுருட்டி வச்சு காட்டுவாங்க, அழகா இருக்கும், எங்க வீட்டுல ஒரு கோடைய தாண்டல. அருகு காஞ்சு கருகி செத்த மாதிரி கிடக்கும், ஒரு மழை போதும். கல்யாணத்துல அருகுபோல் வேரோடின்னு வாழ்த்தறது சும்மா இல்ல. பிள்ளையாருக்கும் ஆச்சு.

20 ஆகஸ்ட் 2023

மேல ஒருத்தர் கொஞ்சம் கோவமா எழுதியிருக்கார், கான்கிரீட் கல்லை வாங்கி போட்டுட்டு சுற்றுச்சூழல்னு பேசறது என்ன நியாயம்னு. கோவம் சரிதான். ஒரு டன் சிமெண்ட் செய்யறதுக்கு அரை டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது, அதுல பெரிய பங்கு அடுப்புக்கு எரிக்கற நிலக்கரில இருந்து கூட இல்ல, சுண்ணாம்புக்கல்லை சுட்டாலே அது உள்ள இருந்து வரும். நான் ரெண்டு நாள் இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

கணக்கு போட்டு பார்த்தேன். என் கல்லு 80 மி.மீ. கனம், மேல இருந்து பார்த்தா சுமார் 40 சதவீதம் ஓட்டை. அப்போ கான்கிரீட்டா பார்த்தா 48 மி.மீ.க்கு சமம். ஓட்டை இல்லாத சாதா பேவர் பிளாக் 60 மி.மீ. சாதா தளம்னா நாலு இஞ்ச், 100 மி.மீ. ஆக மத்த ரெண்டையும் விட கம்மிதான், ஆனா சுத்தமா இல்லைன்னு சொல்ல முடியாது. பிளாஸ்டிக்ல தேன்கூடு மாதிரி வரும் ஒரு கிரிட், அது இன்னும் லேசு, ஆனா நம்ம வெயில்ல மேல தெரியற விளிம்பு வெளுத்து நொறுங்கி துகள் துகளா மண்ணுல கலந்துடும்னு எனக்கு பயம், அதனால போகல. முழுக்க மண்ணு மூடி இருக்கற மாதிரி போட்டா தாங்கும்னு போட்டவங்க சொல்றாங்க.

ஏற்கனவே நல்லா இருக்கற தளத்தை உடைச்சு அந்த கட்டிடக் கழிவ ஏதாவது ஏரிக்கரைல கொட்டிட்டு வந்து கிராஸ் பேவர் போடறதுல நியாயமே இல்ல. நாங்க உடைச்ச சிமெண்ட் துண்டையெல்லாம் சம்மட்டியால சின்னதாக்கி உறைக்கிணறு சுத்தி ரொப்பினோம், ஒரு கூடை கூட வெளிய போகல.

9 டிசம்பர் 2023

கரண்ட் இன்னிக்குத்தான் நிலையா நிக்குது. மிக்ஜாம் புயல். பலரும் கேட்டிருக்கீங்க, எல்லாரும் பத்திரம். தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி, கீழ் வீட்டுல ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு.

கிராஸ் பேவர் என்ன பண்ணுச்சுன்னு கேட்டவங்களுக்கு: முதல் சில மணி நேரம் குடிச்சுது. அப்புறம் ரொம்பிடுச்சு. ஜூன்ல நான் சொன்ன 10 செ.மீ. கணக்கு அந்த இடத்துல நேரா விழற மழைக்கு மட்டும். எங்க மொட்டை மாடி 800 சதுர அடித் தண்ணியும் அங்கதான் திருப்பி விட்டிருக்கேன், அப்போ நாலரை செ.மீ. மழைக்கே ஜல்லி ரொம்பிடும். நகரத்துல பல இடத்துல ஒரே நாள்ல 20 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. தெரு எங்க வீட்டை விட ஒரு அடி மேல இருக்கு, ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசை சுரண்டாம மேல மேல போட்டு ஏத்தினது. வெளிய போக வேண்டிய தண்ணி உள்ள வந்துச்சு. சதுப்பு நிலத்துல இருந்து கடலுக்கு போற வழி திணறும்போது ஒரு வீட்டு வாசல் எதையும் நிறுத்த முடியாது. புயல் வெள்ளத்தை தடுக்கும்னு யாராவது சொல்லி இதை வித்தா நம்பாதீங்க.

ஆனா வருஷத்துல பெய்யற மழை எல்லாம் மிக்ஜாம் இல்ல. ரெண்டு செ.மீ., மூணு செ.மீ.ன்னு அக்டோபர்ல இருந்து வந்துட்டு போற மழைதான் ஜாஸ்தி. அந்த மழைல ஒரு தடவை கூட எங்க கேட்டை தாண்டி தண்ணி தெருவுக்கு போனதில்ல. எங்க தெருவுல முப்பது வீடு. முப்பதும் அப்படி இருந்தா அந்த சின்ன வடிகாலுக்கு எவ்வளவு மூச்சு கிடைக்கும்.

16 டிசம்பர் 2023

வெள்ளம் வடிஞ்சப்புறம் பெரிய பாடம். தெருத் தண்ணி உள்ள வந்துச்சுல்ல, அதோட சாக்கடைச் சகதியும் வந்து ஓட்டைக்குள்ள எல்லாம் கறுப்பா ஒரு விரக்கடை படிஞ்சு போச்சு. அது காஞ்சு ஏடு கட்டினா தண்ணி இறங்காது. மூணு நாளா நானும் வீட்டுக்காரரும் பையனும் உக்காந்து கரணையால ஒவ்வொரு ஓட்டையா சுரண்டி எடுத்து, புது மணல் மண்ணு போட்டோம். இடுப்பு போச்சு. சகதி மேல ஒரு இஞ்சோட நின்னுடுச்சு, சிப்ஸ் வரைக்கும் போகல, அதனால ஜல்லி தப்பிச்சுது. நடுவுல அந்த ரெண்டு இஞ்ச் சிப்ஸ் எதுக்குன்னு ஒருத்தர் ஜூன்ல கேட்டிருந்தீங்க, இதுக்குத்தான்.

புயல் இல்லாத வருஷத்துலயும் தூசியும் இலையும் சேர்ந்து மெதுவா அடைக்கும். ஆடில ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, மேல் மண்ணை கிளறி விடணும். அதையும் செலவு கணக்குல சேர்த்துக்கோங்க.

28 ஏப்ரல் 2024

வெயில். பையன் காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கின துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் வீட்டுல இருக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுத்துட்டு போய் சுட்டு பார்த்தேன். பக்கத்து வீட்டு சிமெண்ட் வாசல் 56 டிகிரி. எங்க வீட்டுல ஈரமா இருந்த புல்லு 38. அதே எங்க வீட்டுல புல்லு காஞ்சு போன மூலை 51. நான் எழுத வந்ததே இந்த மூணாவது நம்பருக்காக.

குளிர்ச்சி கொடுக்கறது பச்சை நிறம் இல்ல, ஆவியாகற தண்ணி. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகறதுக்கு ஒரு யூனிட் கரண்ட்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு அளவு சூட்டை இழுத்துக்கும். புல்லுக்கு குடிக்க தண்ணி இருந்தா அந்த சூடு நம்ம சுவத்துக்கு வராம போகும். காஞ்சா அதுவும் சிமெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கொஞ்சம்தான் வித்தியாசம். அப்போ ஊத்தலாமேன்னு தோணும். போர் போட்டு இறைச்சு ஊத்தினா எதுக்காக இதை போட்டோமோ அதுவே போச்சு, மழைல கொடுத்ததை மேல வாங்கி வெயிலுக்கு கொடுக்கறோம்.

நாங்க ஏசி தண்ணிய திருப்பி விட்டோம். நம்ம ஊரு புழுக்கத்துக்கு ரெண்டு ஏசி ராத்திரி முழுக்க ஓடினா காலைல ஒரு பக்கெட் நிறைய நிக்குது, உப்பே இல்லாத தண்ணி. ஜன்னல் பக்கம் ஒரு பட்டை பச்சையா இருக்கறது அதாலதான். மிச்சம் கருகி கிடக்கட்டும்னு விட்டுட்டேன், பார்க்க மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆர்ஓ கழிவுத் தண்ணிய ஊத்தலாமான்னு கேக்காதீங்க, நான் ஊத்திப் பார்த்தேன், மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்துச்சு.

12 மே 2024

கார் நிக்கற இடத்துல புல் வளரலைன்னு புகார் வந்திருக்கு. வளராது. நாள் முழுக்க வண்டி நின்னா வெளிச்சம் எங்க இருந்து வரும், எஞ்சின் சூடு வேற. எங்க வீட்டுல அந்த இடத்துல புல்லை விட்டுட்டு ஓட்டைல வெறும் சிப்ஸ் ரொப்பிட்டேன், தண்ணி அதுலயும் இறங்கும். வந்து போற இடத்துக்கு புல்லு, நின்னுட்டே இருக்கற இடத்துக்கு ஜல்லி.

ஆயில் ஒழுகறது பத்தி. மண்ணுல இருக்கற நுண்ணுயிர் சொட்டு சொட்டா விழற ஆயிலை மெதுவா சிதைச்சுடும், டயர்லயும் பிரேக்லயும் தேயற உலோகத் தூசி மேல் மண்ணுலயே பெரும்பாலும் தங்கிடும். சிமெண்ட் தரைல அதெல்லாம் மழைல கழுவிக்கிட்டு நேரா வடிகால், வடிகால்ல இருந்து சதுப்பு நிலம். ஆனா சொட்டுக்கும் ஊத்தறதுக்கும் வித்தியாசம் இருக்கு. வண்டி கழுவறது, ஆயில் மாத்தறது எல்லாம் புல்லு கல்லு மேல வச்சு வேண்டாம், அதுவும் திருவான்மியூர் மாதிரி மணல்ல, நிலத்தடி தண்ணி மேலயே கிடக்கற இடத்துல கூடவே கூடாது. செப்டிக் டேங்க் ஒட்டியும் உறைக்கிணறு வேண்டாம்.

வேப்பமரம் பத்தி சொல்லாம விட முடியல. பக்கவாட்டுல இருபத்தஞ்சு வருஷ மரம், அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் வச்சு பூசியிருந்தோம், நாங்களே. 2013லயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லில மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, எனக்கு அது 2021லதான் தெரியும். சிமெண்டை எடுத்த வருஷம் அந்த மரம் சித்திரைல பூத்த மாதிரி நான் முன்னாடி பார்த்ததில்ல. சிமெண்ட் எடுத்ததாலதான்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த வருஷம் வேப்பம்பூ பச்சடிக்கு தெருவே எங்க வீட்டுல இருந்து எடுத்துட்டு போச்சு.

17 அக்டோபர் 2024

ரெண்டு நாள் மழை, எங்க வீட்டுல தண்ணி நிக்கல. உறைக்கிணறு எட்டு அடி வரைக்கும் ஏறி நிக்குது.

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செகரட்டரி ஒருத்தர் நீளமா கேட்டிருக்கார், தீயணைப்பு வண்டி போற பாதைல பில்டர் கிராஸ் பேவர் போட்டு கொடுத்திருக்காங்க, பிரோஷர்ல நிலத்தடி நீர் பெருகும்னு போட்டிருக்குன்னு. சார், ஒரே கேள்வி, அதுக்கு அடியில பேஸ்மெண்ட் பார்க்கிங் இருக்கா? இருந்தா நீங்க நிக்கறது மண்ணு மேல இல்ல, ஒரு பெரிய தொட்டிச் செடி மேல. தண்ணி ஸ்லாப்ல இறங்கி குழாய்ல போயிடும். கொஞ்சம் குளிர்ச்சி, மழைத்தண்ணி வேகம் கொஞ்சம் குறையும், அது நல்லதுதான், ஆனா நிலத்தடி நீருக்கு அதுல ஒரு சொட்டு வழி இல்ல. மழைநீர் குழாய் எங்க போகுதுன்னு பிளானை கேட்டு வாங்கி பாருங்க, கிணத்துக்கா தெருவுக்கா.

வரிச் சலுகை கொடுத்தா எல்லாரும் போடுவாங்கன்னு எழுதினவருக்கு: ஜெர்மனில அதுதான் நடக்குது. சித்தி பையன் அங்க இருக்கான், பில்ல போட்டோ எடுத்து அனுப்பினான். கழிவு நீருக்கு ஒரு கட்டணம், மழை நீருக்கு தனியா ஒரு கட்டணம், நம்ம இடத்துல எத்தனை சதுர மீட்டரை மூடி வச்சு தண்ணிய வடிகாலுக்கு அனுப்பறோமோ அதுக்கு ஏத்த மாதிரி. புல்லு கல்லு போட்டா அந்தப் பரப்பை குறைச்சு கணக்கு பண்றாங்க. நம்ம ஊர்ல மூடினவனுக்கும் திறந்து வச்சவனுக்கும் ஒரே பில்லு.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையேறிடுச்சு, விழுப்புரம் பக்கம் நிலைமை பார்க்க முடியல. எங்களுக்கு இந்த தடவை தப்பிச்சுது.

மழைல வீட்டுக்குள்ளயே உக்காந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருந்ததுல ஒண்ணு தோணுச்சு, மூணு வருஷம் முன்னாடி தோணியிருக்கணும். கார் டயர் படற இடம் எங்க வீட்டுல ரெண்டே ரெண்டு தடம், ஒவ்வொண்ணும் ரெண்டு அடி அகலம். மிச்ச இடத்துல எடை ஏறவே இல்ல. அங்க எதுக்கு கல்லு? மண்ணு மண்ணாவே இருந்திருக்கலாம், ரெண்டு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஓரமா துளசி. மண்புழு இருக்கற மண்ணு குடிக்கற மாதிரி எந்தக் கல்லும் குடிக்காது. 12 ஜூன்ல நான் இந்த இழைல உங்க 600 சதுர அடிக்கும் கிராஸ் பேவர்னு வச்சுத்தான் கணக்கு சொன்னேன். அதை வாபஸ் வாங்கறேன். சேறுதான் பிரச்சினைன்னா கொஞ்சம் சரிவு பார்த்து, நடக்கற இடத்துல ஜல்லியோ கல்லோ போட்டா போதும்.

சேலையூர் தம்பி இன்னும் போடலைன்னா இதை படிச்சுட்டு போடுங்க.

11 ஜனவரி 2025

தம்பி பதில் பார்த்தேன். குழில ரெண்டாவது தடவை ரொப்பின தண்ணி இறங்க நாப்பது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க, நல்ல மண்ணு, உறைக்கிணறுக்கு அவசரப்பட வேண்டாம், ஒரு மழைக்காலம் பாருங்க. டயர் தடம் ரெண்டு, கேட் பக்கம் கொஞ்சம் அகலம், எல்லாம் சேர்த்து 180 சதுர அடிதான் வரும்னு நீங்க போட்ட படமும் சரி. அப்பா அந்த மூலைல எலுமிச்சை வைக்கணும்னு கேட்டார்னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்துல சிமெண்ட் தளம்னு சொன்னவர்தானே அவர், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

கேட்டுக்கு உள்ள கோலத்துக்கு மூணு அடி விட்டிருக்கீங்களான்னு படத்துல தெரியல, அம்மாகிட்ட கேட்டுட்டு போடுங்க. எங்ககிட்ட கடப்பா கல்லு வச்சப்போ எடுத்த பழைய கல்லு இருபத்திரெண்டு மாடிப்படி அடியில அடுக்கி வச்சிருக்கோம், ஒண்ணுலயும் விரிசல் இல்ல. பொங்கல் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வாங்க, அப்படியே ஜல்லி அடுக்கையும் ஒரு ஓரத்துல திறந்து காட்டறேன். மேஸ்திரியையும் கூட்டிட்டு வாங்க, அவர் பார்க்கறதுதான் முக்கியம்.